கோட்டுக்குள் நின்ற சுவர்

ஜனவரி 8, 2018

அலுவலகத்தில் ஆளுக்கொரு டைரி கொடுத்தார்கள். போன வருட டைரி ஜனவரி ஒன்பதாம் தேதியோடு நின்றுபோனது. இந்த வருடம் பத்தையாவது தாண்டிக் காட்ட வேண்டும்.

புது வேலை ஒன்று வந்திருக்கிறது. தெற்கே ஒரு மாநில நெடுஞ்சாலையை அகலப்படுத்தப் போகிறார்கள். வடிவமைப்பு முழுக்க என் தலையில். குமரகுருபரன் சார் என் மேசைக்கே வந்து, "நீங்க இருக்கும்போது எனக்கென்னம்மா கவலை" என்றார். மூன்று பேர் செய்ய வேண்டியதை நான் ஒருத்தி செய்ய வேண்டும் என்று அதற்கு அர்த்தம். எட்டு வருடமாக இதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

வழியில் வரும் ஊர்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தால், சாத்தன்குறிச்சி. ரூபி அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊர். அவளும் தங்கதுரை அத்தானும் நடத்துகிற மாவு மில் அந்தச் சாலையோரத்தில்தான் இருக்கிறது. சாரிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். சொன்னால் வேலையை வேறு ஆளுக்குத் தூக்கிக் கொடுத்துவிடுவார். முப்பது கிலோமீட்டர் சாலையில் அது ஒரே ஒரு கட்டடம். சொல்லவில்லை.

ஜனவரி 13

கேஸ் தீர்ந்துவிட்டது. விடுமுறைக்கு முந்தின நாள்தான் அதற்குத் தீரத் தோன்றும். சாயங்காலம் பாப்பாவுக்கு ஹோட்டல் இட்லி. அவளுக்கு ஏக சந்தோஷம்.

ஜனவரி 21

அக்கா போன் செய்தாள். பொங்கல் வாழ்த்துச் சொல்கிறேன் பேர்வழி என்று இவர் அத்தானிடம் உளறிவைத்திருக்கிறார். என் வீட்டுக்காரரிடம் ஒன்றைச் சொன்னால் அன்றைக்கே ஊருக்குத் தெரிந்துவிடும்.

"ஏட்டி, எங்கூரு ரோட்டுக்கு நீதான் படம் போடுதியாம்லா?"

"ஆமாக்கா. அதுக்கென்ன?"

"நேத்து மூணு பேரு வந்து அளந்துட்டு, மில்லு பக்கத்துல கல்லுல மஞ்சப் பெயிண்ட அடிச்சிட்டுப் போயிட்டாவ. உங்க அத்தான் உறங்கவே இல்ல. மில்ல இடிச்சிருவாவளோ?"

இதெல்லாம் அலுவலக விஷயம், வெளியே சொல்லக்கூடாது என்று கொஞ்சம் விறைப்பாகவே சொன்னேன். அவள் உடனே, "சரி சரி, ஒனக்கு ஒரு சங்கடம் வேண்டாம்" என்றாள். பிறகு பாப்பாவின் படிப்பை விசாரித்தாள். போனை வைத்தபிறகு எனக்கே என் மேல் எரிச்சல் வந்தது. அவள் கேட்டது உதவி இல்லை, பதில்தான். அதைக்கூட என்னால் கொடுக்க முடியவில்லை.

ஜனவரி 30

கண் எரிகிறது. அளவெடுத்தவர்கள் அனுப்பிய புள்ளிகளை வைத்து, இப்போதுள்ள தரையைக் கம்ப்யூட்டரில் உருவாக்கிவிட்டேன். நடுக்கோடு போட்டாயிற்று. சாலை எங்கே எவ்வளவு உயரத்தில் போக வேண்டும் என்ற மட்டக்கோடும் போட்டாயிற்று. இனி குறுக்குவெட்டுகள்.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று அக்கா ஒரு முறை கேட்டபோது, நெய்மீனைத் துண்டு போடுவது மாதிரி என்று சொன்னேன். முழு மீன் சாலை. இருபது மீட்டருக்கு ஒரு துண்டு. ஒவ்வொரு துண்டிலும் பழைய தரை எங்கே, புதுச் சாலை எங்கே, ஓரச் சரிவு எங்கே போய் மண்ணைத் தொடுகிறது என்று தெரியும். சாலை எப்படி இருக்க வேண்டும் என்ற மாதிரி வடிவத்தை ஒரு தடவை சொல்லிக் கொடுத்துவிட்டால் போதும், சாஃப்ட்வேர் ஆயிரத்துச் சொச்சம் துண்டுகளையும் தானே வெட்டித் தட்டில் அடுக்கிவிடும். அதற்கு அக்கா, "அப்ப நீ என்னட்டி செய்வ?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான்.

பிப்ரவரி 6

முதல் சுற்றுக் குறுக்குவெட்டுகள் வந்துவிட்டன. எல்லாவற்றையும் விட்டுவிட்டு நேராகச் சாத்தன்குறிச்சியைத்தான் திறந்தேன். ஒப்புக்கொள்கிறேன்.

படத்தில் மில் இல்லை. எங்கள் படங்களில் அரசு நில எல்லை ஒரு சிவப்புக் கோடு. அதற்கு அந்தப் பக்கம் வெறும் கறுப்புத் திரைதான். எல்லைக்கு வெளியே என்ன இருக்கிறது என்பதை யாரும் அளப்பதில்லை, நாங்களும் வரைவதில்லை. ஆனால் சாலையின் ஓரச் சரிவும் அதையொட்டிய வடிகாலும் சிவப்புக் கோட்டைத் தாண்டி அந்தக் கறுப்புக்குள் போயிருந்தன. அந்தத் தூரத்துக்கு அக்காவின் வாசல் போய், மில்லின் முன்சுவரும் போய்விடும். சாலை ரொம்பவும் ஏறவில்லை, முழங்கால் உயரம்தான். சரிவு தரையில் கால் ஊன்ற இடம் கேட்கிறது, அவ்வளவுதான்.

மத்தியானம், சாலையின் மாதிரி வடிவத்தில் ஒரு விதி சேர்த்தேன். சரிவு எல்லைக்குள் முடிந்தால் சரிவே இருக்கட்டும். எல்லையைத் தாண்டுமானால் சரிவு வேண்டாம், கோட்டுக்கு உள்ளேயே செங்குத்தாக ஒரு தாங்குசுவர் வரட்டும். ஒரு சொடுக்கு. சுவர் முளைத்துவிட்டது. கடைத்தெரு நெடுக, மில் இருக்கிற இடப்பக்கம் ஒரு சாண் நிலம் எடுக்க வேண்டியதில்லை. வலப்பக்கம் சுவர் வைக்க முடியாது, அங்கே பேருந்து நிற்க இடம் வேண்டும். இது தொழில் ரீதியாகச் சரியான முடிவு. எந்த இன்ஜினியரும் இதைத்தான் செய்வார்.

பிப்ரவரி 7

அலுவலக மாடிப்படியில் நின்று அக்காவுக்குப் போன் செய்தேன்.

"ஒங்க நிலத்துல ஒரு அடி போகாதுக்கா."

உடனே, "ஏங்க, இங்க வாங்க, லீலா என்னமோ சொல்லுதா, நீங்களே கேளுங்க" என்று அத்தானிடம் போனைக் கொடுத்தாள். அவருக்கும் ஒரு தடவை சொன்னேன். பின்னால் மெஷின் ஓடுகிற சத்தத்தில் காதில் விழாமல், மெஷினை நிறுத்திவிட்டு வந்து மறுபடியும் கேட்டார்.

மனசு நிறைந்திருந்தது. சின்ன வயதில் அவள் எனக்காக எத்தனையோ தடவை அம்மாவிடம் அடி வாங்கியிருக்கிறாள். நான் அவளுக்கு என்று ஒன்று செய்தது இதுதான் முதல் தடவை.

பிப்ரவரி 15

பஸ்ஸில் ஒரு பார்சல் வந்தது. மிளகாய்ப் பொடி, மல்லிப் பொடி, புட்டு மாவு, இரண்டு கருப்பட்டி. ஒரு வருடத்துக்குக் காணும். தெரு முழுக்க, "எங்க நிலத்த என் தங்கச்சிதான் காப்பாத்துனா" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாளாம். அதெல்லாம் சொல்லாதே, என் வேலைக்கே உலை வைத்துவிடுவாய் என்று திட்டினேன். சிரித்தாள். எதிர் வரிசையில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் பேச்சிமுத்துதான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாராம். அவர் கடை போகிறது.

பிப்ரவரி 19

துறை அதிகாரிகள் கூட்டம். இடப்பக்கம் நிலம் எடுப்பே இல்லாமல் ஊரைக் கடந்திருக்கிறோம் என்று சார் சொன்னதும் மேசையைச் சுற்றி எல்லோருக்கும் முகம் மலர்ந்தது. நிலம் எடுப்பது என்றால் வழக்கு, வழக்கு என்றால் வருடக்கணக்கு. "யாரு இந்த ஐடியா?" என்று கேட்டார்கள். சார் என்னைக் கை காட்டினார். திரும்பி வரும்போது காரில், ஏப்ரலில் டீம் லீடர் பதவி காலியாகிறது என்று பேச்சுவாக்கில் சொன்னார். ஒன்றும் தெரியாதவள் மாதிரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 5

துறையிலிருந்து கடிதம். சாத்தன்குறிச்சிக் குளம் நிரம்பி மறுகால் பாயும்போது வெள்ளம் சாலைக்கு ஏறுகிறது, அந்த இடத்தில் சாலை மட்டத்தை இன்னும் மூன்றடி உயர்த்த வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். நியாயமான விஷயம். சார் சொன்னார்: "மட்டக்கோட்டைத் தூக்கிடுங்கம்மா. செக்‌ஷன் எல்லாம் தானா மாறிக்கும். எடுக்கற நிலத்தோட பட்டியல் இந்த மாசக் கடைசிக்குள்ள போயாகணும்."

சாருக்கு எல்லாமே தானாகத்தான் மாறும்.

மார்ச் 6

மட்டக்கோட்டைப் பிடித்து மேலே இழுத்தேன். சார் சொன்னது சரிதான், தானாகவே மாறிவிட்டது. குறுக்குவெட்டுகள் எல்லாம் எழுந்து உட்கார்ந்துகொண்டன. நான் சேர்த்த விதியும் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறது.

அக்கா மில் இருக்கும் இடத்தைத் திறந்தேன். சுவர் சிவப்புக் கோட்டுக்கு உள்ளேதான் இருக்கிறது. உயரம்தான் கொஞ்சம் கூடுதல், 1.35 மீட்டர். மில் தரை பழைய சாலை மட்டத்தில்தான் என்று நினைக்கிறேன். படத்தில் இல்லாததை எப்படிச் சொல்வது.

இதெல்லாம் வரைவு. துறையில் இன்னும் இரண்டு சுற்றுப் பார்ப்பார்கள். மட்டத்தை எப்படியும் குறைப்பார்கள், எப்போதும் குறைப்பார்கள்.

மார்ச் 7

பாப்பாவுக்குக் காய்ச்சல். அரை நாள் லீவு.

மார்ச் 9

காய்ச்சல் விட்டது. 1.35 என்பது என் நெஞ்சு வரை. சமையலறைச் சுவரில் டேப் வைத்துப் பார்த்தேன். இவர், "அலமாரி அடிக்கப்போறியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

மார்ச் 18

ஆலயத்தில் ஆராதனை முடிந்து வந்து மீன் கழுவிக்கொண்டிருந்தேன். அக்கா போன்.

"ஏட்டி, மில்லுக்கு மேல தகரத்த எடுத்துட்டுக் கான்கிரீட் போட்டுருவோம்னு அத்தான் சொல்லுதாவ. மழைக்கு ஒழுகுது, மாவெல்லாம் கட்டி கட்டிப் போவுது. ரோட்டுக்குப் போயிருமோன்னுதான் இவ்வளவு நாளா கைய வைக்காம இருந்தோம். நீ ஒரு வார்த்த சொல்லு. போடலாமா?"

கையெல்லாம் மீன் செதில். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு நின்றேன்.

"சும்மாவே கேக்குதேன். நீ வேண்டாம்னா வேண்டாம்."

"நிலம் போகாதுன்னு சொல்லிட்டேன்லாக்கா" என்றேன். "போடுங்க."

நான் சொன்னது பொய் இல்லை. நிலம் போகாது.

மார்ச் 19

காலையில் போனதும் தனியாக ஒரு நகல் எடுத்து, அந்த விதியை நீக்கிப் பார்த்தேன். சரிவு மறுபடியும் கோட்டைத் தாண்டி இறங்கியது. இந்த உயரத்துக்கு அது முன்பைவிடத் தூரம் போகும். மில் முழுதும் போய்விடும். போனால் கட்டடத்துக்கும் நிலத்துக்கும் இழப்பீடு வரும், வேறு இடத்தில் மில் வைத்துக்கொள்ளலாம். சுவர் இருந்தால் நிலமும் மில்லும் இருக்கும், நெஞ்சளவு பள்ளத்துக்குள்.

எது நல்லது என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சார் கடந்துபோகும்போது நகலை மூடிவிட்டேன். இடப்பக்கம் நிலம் எடுப்பே இல்லை என்று கூட்டத்தில் சொல்லிவிட்டு, இப்போது போய் எடுக்க வேண்டும் என்றால் ஏன் என்று கேட்பார். அக்காவிடமும் என்ன சொல்வது? காப்பாற்றிவிட்டேன் என்று சொன்னவளே வந்து, இடிக்கப் போகிறார்கள் என்று சொல்ல வேண்டும்.

எப்படியும் மட்டத்தைக் குறைப்பார்கள்.

மார்ச் 28

நிலப் பட்டியல் போய்விட்டது. இடப்பக்கம்: இல்லை.

ஏப்ரல் 2

நேற்று ஈஸ்டர். இன்று டீம் லீடர் ஆகிவிட்டேன். அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். பாப்பா, "லீடர்னா வீட்டுக்குச் சீக்கிரம் வருவியா?" என்று கேட்டாள்.

ஏப்ரல் 15

அக்கா போட்டோ அனுப்பியிருக்கிறாள். மில்லுக்கு மேல் ஈரக் கான்கிரீட், அதன் மேல் பாத்தி கட்டி நீர் விட்டிருக்கிறார்கள். ஓரத்தில் அத்தான் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கிறார். இந்த மனிதர் போட்டோவில் சிரித்து நான் பார்த்ததே இல்லை. இதில் சிரிக்கிறார். சூப்பர் அத்தான் என்று பதில் அனுப்பினேன்.

மே 13

சாத்தன்குறிச்சி போய் வந்தோம். மில்லுக்குச் சர்ச் ஐயர் வந்து ஜெபம் பண்ணினார். கோடை வற்றல் காலம், மிளகாய் அரைக்கக் கூட்டம். சைக்கிளிலும் டிவிஎஸ் வண்டியிலும் தகர டின்களைக் கட்டிக்கொண்டு வந்து வாசலிலேயே இறக்கிவிட்டுப் போகிறார்கள். சாலையிலிருந்து மில்லுக்குள் சக்கரம் உருள்கிறது, நடுவில் ஒரு படிகூட இல்லை. நான் வாசலில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். தும்மல் வந்துகொண்டே இருந்தது. கண் கலங்கியதற்கு மிளகாயைக் காரணம் சொல்ல வசதியாக இருந்தது.

சாப்பிட்டபிறகு அத்தான் வெளியே அழைத்துப்போனார்.

"லீலா, ரோடு எவ்வளவு ஒசரத்துக்கு வரும்? ஒரு கை காட்டு, பாப்போம்."

"கொஞ்சம் ஏறும் அத்தான்."

"கொஞ்சம்னா? முட்டு வரைக்குமா?"

"அது மாதிரிதான். இன்னும் முடிவாகல."

அவர் தன் முழங்காலில் கை வைத்துப் பார்த்துக்கொண்டார். "அப்ப ரெண்டு மூட சரளு கொட்டிச் சரிச்சுக்கிடலாம்" என்றார். நான் தலையை ஆட்டினேன். அந்த நேரத்தில் என் நெஞ்சில் கை வைத்து இவ்வளவு என்று காட்டியிருக்கலாம். பக்கத்தில் யாரும் இல்லை. அவர் ஒருவர்தான் நின்றுகொண்டிருந்தார், ஒன்றும் கத்துகிற ஆளும் இல்லை.

ஜூன் 4

துறை இறுதி ஒப்புதல் கொடுத்துவிட்டது. மட்டத்தைக் குறைக்கவில்லை.

சாரிடம் போனேன். சாத்தன்குறிச்சியில் சுவர் ரொம்ப உயரம், கடைகளுக்கு வழி இல்லாமல் போய்விடும், அந்த இடத்தில் மட்டும் நிலம் எடுக்கலாமா என்று கேட்டேன்.

"பட்டியல் அறிவிப்பே வந்துருச்சேம்மா. இப்ப மாத்துனா மறுபடி மொதல்லேர்ந்து. வேணாம்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதோட, கோட்டுக்கு வெளிய இருக்கிறது நம்ம ட்ராயிங்லயே இல்லையே. அவங்க வழிய அவங்க பார்த்துக்குவாங்க. என்ன திடீர்னு?"

அங்கே என் அக்கா மில் இருக்கிறது என்று சொல்ல வாய் திறந்தேன். ஆனால் சொன்னது, "சும்மாத்தான் சார்" என்றுதான். சொல்லியிருந்தால் பதவி போயிருக்கும், ஒருவேளை வேலையே போயிருக்கும். ஆனால் கோப்பைத் திறந்தாவது பார்த்திருப்பார்கள். இடத்துக்கு வந்து உட்கார்ந்து வேறு ஒரு சாலையின் குறுக்குவெட்டுகளைத் திறந்தேன். கை தன் பாட்டுக்கு வேலை செய்தது.

பிப்ரவரி 10, 2019

எட்டு மாதம் கழித்து இந்த டைரியை எடுத்திருக்கிறேன். பின்னால் காலிப் பக்கங்கள் நிறைய இருக்கின்றன.

வேலை தொடங்கிவிட்டதாம். எதிர் வரிசையை இடித்துவிட்டார்கள். பேச்சிமுத்து இழப்பீடு வாங்கி, பின்னால் தள்ளிப் புதுக் கடை கட்டுகிறார். ரோடு எவ்வளவு உயரம் வரும் என்று ஒப்பந்தக்காரரிடம் கேட்டு, அதற்கும் ஒரு படி மேலே கடையைத் தூக்கிவிட்டாராம். "அவன் கெட்டிக்காரன்ட்டி" என்றாள் அக்கா. குரலில் பொறாமை இல்லை. நாம் ஏன் கேட்கவில்லை என்ற யோசனைகூட இல்லை. அவள் யாரிடம் கேட்க வேண்டும்? அவளுக்குத்தான் தங்கச்சி இருக்கிறாளே.

ஏப்ரல் 14

முந்தாநாள் சுவரின் போட்டோ வந்தது. சுவருக்குக் கீழே அக்கா நிற்கிறாள். அவள் தலை மட்டும் சாலைக்கு மேலே தெரிகிறது. கீழே ஒரு வரி எழுதியிருந்தாள்: "லீலா, இவ்வளவு ஒசரமா?"

இரண்டு நாளாகப் பதில் போடவில்லை.

ஏப்ரல் 20

அத்தான் தாலுகா ஆபீசுக்குப் போயிருக்கிறார். "உங்க நிலத்துல ஒரு அடிகூட எடுக்கலையே, எதுக்கு இழப்பீடு?" என்று கேட்டார்களாம். ஒரு அடிகூடப் போகாது என்று சொன்னது நான்தான், அதே வார்த்தை.

மில்லில் ஆள் வரத்து பாதியாகிவிட்டது. தலைச்சுமையை யார் நெஞ்சளவு சுவரிலிருந்து கீழே இறக்குவார்கள்? இரண்டு மிளகாய் மூட்டையை மேலிருந்து போட்டதில் ஒன்று கிழிந்துவிட்டதாம். எல்லோரும் டிவிஎஸ்ஸை முறுக்கிக்கொண்டு பக்கத்து ஊருக்குப் போகிறார்கள்.

மே 5

ஞாயிற்றுக்கிழமை. அலுவலகத்தில் யாரும் இல்லை. பழைய கோப்பைத் திறந்து, அக்கா மில் முன்னால் உள்ள குறுக்குவெட்டைச் சிவப்புக் கோட்டுக்கு வெளியே நீட்டினேன். இத்தனை வருடத்தில் எந்தச் சாலைக்கும் நான் இதைச் செய்ததில்லை. போன வருடம் மே மாதம் எடுத்த போட்டோக்களை வைத்து மில்லின் தரை, முன்சுவர், மெஷின், மேல் கான்கிரீட் எல்லாவற்றையும் குத்துமதிப்பாக வரைந்தேன். கறுப்புத் திரையில் முதல் தடவையாக அவர்கள் வந்து உட்கார்ந்தார்கள்.

சாலையிலிருந்து ஒரு சாய்தளம் இறக்கிப் பார்த்தேன். மூட்டை கட்டிய சைக்கிள் உருண்டு இறங்கும் சரிவில் விட்டால், அது வாசலைத் தாண்டி, முன்சுவரைத் தாண்டி, மெஷின் நிற்கிற இடத்தில்தான் தரையைத் தொடுகிறது. பக்கவாட்டில் இறக்கலாம் என்றால் இரண்டு பக்கமும் அடுத்தவர் கட்டடம். சரி, மில்லுக்குள் மண் கொட்டித் தரையை உயர்த்திப் பார்த்தேன். தலை போய் மேல் கான்கிரீட்டில் இடித்தது. தகரமாக இருந்திருந்தால் கழற்றி மேலே ஏற்றிக்கொள்ளலாம்.

இந்தப் படத்தைப் போன வருடம் மார்ச் ஆறாம் தேதி வரைந்திருந்தால் அரை மணி நேர வேலை. அந்த அரை மணி நேரம் என்னிடம் இருந்தது.

மே 6

அக்காவுக்குப் போன் செய்து தரையை உயர்த்துவது பற்றிச் சொன்னேன். "அப்ப குனிஞ்சிக்கிட்டேவா அரைக்க?" என்று கேட்டாள். கேலியாகத்தான் கேட்டாள், கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜூன் 3

நேற்று அங்கே நல்ல மழை. சாலைத் தண்ணீர் வடிகாலில் ஓடியது, என் கணக்கு அதில் தப்பவில்லை. மில் வாசலில் விழுந்த தண்ணீருக்குத்தான் போக வழி இல்லை. மோட்டாரில் தண்ணீர் ஏறிவிட்டது.

ஜூன் 11

மெஷினை விற்றுவிட்டார்கள். அத்தான் தூத்துக்குடியில் ஒரு மசாலாக் கம்பெனியில் அரவை வேலைக்குப் போகிறார். சொந்த மில்லில் யாருக்கும் கைகட்டி நிற்காத மனிதர், ஐம்பத்திரண்டு வயதில் ஷிப்டுக்குப் போகப்போகிறார். ஞாயிற்றுக்கிழமை மெஷினை ஏற்றுகிறார்களாம். "நீ வரணும்னு இல்ல" என்றாள். போகிறேன் என்றேன்.

ஜூன் 16

இவரையும் பாப்பாவையும் அழைத்துப்போகவில்லை. தனியாகப் போனேன். நான் போட்ட சாலையில் பஸ் கொஞ்சம்கூடக் குலுங்காமல் போனது. பக்கத்து சீட்டில் இருந்தவர், "ரோடு எப்படி இருக்கு பாத்தீங்களா?" என்று பெருமையாகக் கேட்டார். நல்லா இருக்கு என்றேன்.

மில் முன்னால் சாலை ஓரத்தில் கிரேன் நின்றது. மெஷின் வெளியே வர வேறு வழி இல்லை, மேலே தூக்கித்தான் எடுக்க வேண்டும். முன்சுவரைப் பாதி இடித்திருந்தார்கள். எதற்காக அந்தச் சுவரை நான் காப்பாற்றினேனோ, அதை அவர்களே கூலி கொடுத்து இடித்திருக்கிறார்கள். மாவு அரைக்க வருகிற பெண்கள் நாலைந்து பேர் கைப்பிடிக் கம்பியில் சாய்ந்து வேடிக்கை பார்த்தார்கள். பேச்சிமுத்து தன் புதுக் கடையிலிருந்து எல்லோருக்கும் டீ சொல்லியிருந்தார். அத்தான் மேலே நின்று சங்கிலியைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வா லீலா" என்றார். மறுபடியும் சங்கிலியின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் ஏணியில் கீழே இறங்கினேன். அக்கா உள்ளே பெருக்கிக்கொண்டிருந்தாள். மெஷின் இருந்த இடத்தில் சதுரமாக மாவு படிந்திருந்தது. புதுக் கான்கிரீட்டின் கீழே நின்றோம். ஒரு விரிசல் இல்லை, நல்ல வேலை.

கிரேன் இழுக்கத் தொடங்கியதும் எல்லோருடைய கண்ணும் மேலே போனது. அப்போதுதான் அக்கா விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டுக் கேட்டாள்.

"ஏட்டி, ஒண்ணு கேக்குதேன். மனசுல வச்சுக்கிடாத. கான்கிரீட் போடட்டுமான்னு ஒங்கிட்ட கேட்டம்லா, அன்னைக்கு ஒனக்கு இந்த ஒசரம் தெரியுமா?"

அவள் கேட்டது ஒரே கேள்வி. பஸ்ஸில் வரும்போது முழுக்க இதைத்தான் நானே சொல்ல வேண்டும் என்று சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். சமையலறையில் டேப் பிடித்தது வரைக்கும் சொல்வதாக இருந்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன். புருவமெல்லாம் மாவு. என்ன பதில் வேண்டும் என்று அந்த முகத்திலேயே இருந்தது.

"தெரியாதுக்கா" என்றேன்.

அவளுக்கு மூச்சு இறங்கியது எனக்குக் கேட்டது.

"நானும் அதத்தான் உங்க அத்தான்ட்ட ஒரு மாசமாச் சொல்லுதேன். தெரிஞ்சா எந்தங்கச்சி சொல்லாம இருப்பாளான்னு. அவிய நம்ப மாட்டேங்காவ. இதுக்காவ வீட்டுல சண்ட, பேச்சு வார்த்த இல்ல." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு மில்லு போனதுகூடப் பெரிசில்லட்டி. இதக் கேக்காம உறக்கம் வரல."

அக்கா என் தோளில் கையை ஊன்றி ஏணியில் கால் வைத்தாள். பாதி ஏறியதும் மேலே பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி, "கேட்டுட்டேன். அவளுக்குத் தெரியாதாம்" என்று அத்தானிடம் சொன்னாள். சொல்லும்போது அவள் குரல் அத்தனை லேசாக இருந்தது.

அத்தான் கம்பியைப் பிடித்துக் குனிந்து என்னைப் பார்த்தார். தன் முழங்காலில் கை வைத்து என்னிடம் கேட்ட மனிதர். பிறகு அக்காவுக்குக் கை கொடுத்து மேலே தூக்கிவிட்டார்.

"அதான் கேட்டுட்டல்லா, சரி" என்றார் அவளிடம். என்னிடம், "நீயும் மேல வா லீலா. டீ ஆறுது" என்றார்.

ஏறிப் போய் வாங்கிக் குடித்தேன்.